எண்பது ஓம்

ரோலாவில், பணம் அனுப்பும் கடைக்கும்
சமோசாக் கடைக்கும் நடுவே இருக்கிறது அந்தக் கடை.
மூன்று வெள்ளிக்கிழமையாகப் போகிறேன்.
கண்ணாடி அலமாரியைத் திறந்து
ஷம்நாத் சலிக்காமல் எடுத்துத் தருகிறான்.
நான் சலிக்காமல் திருப்பித் தருகிறேன்.

முதுகு திறந்த ரகம் ஒன்று.
மாட்டியதும் கடை பெரிதாகிறது.
வயலின் இடப்பக்கம் ஓர் ஆள் தூரத்தில்,
கடம் எதிரே சம்மணமிட்டு,
நடுவில் எவ்வளவு காலி இடம்!
ஷார்ஜாவில் இவ்வளவு இடத்துக்கு
வாடகை யார் கொடுப்பது.
‘மிக்ஸிங்குக்கு இதாணு நல்லது’ என்கிறான்.
தெரியும் ஷம்நாத்.
ஆனால் இதில் நான் கேட்பதை
மேல்கட்டிலில் அன்வர்தீனும் கேட்பான்.
காலை மூன்றரைக்கு அவனுக்கு வேன் வரும்.
ஒரே நாலு வரியை எண்பது தடவை ஓட்டுகிறவனை
எந்தச் சிநேகிதனும் மன்னிக்கமாட்டான்.

மூடிய ரகம் இன்னொன்று.
ஆளை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்துகிறது.
பேஸ் கொஞ்சம் பொய் சொல்லும்.
பழகிய பொய் என்றால் பரவாயில்லை.
ஊருக்குப் பேசும்போது நானும்
‘ரூம் வசதியாத்தான் இருக்கு’ என்கிற
அளவுக்குத்தான் அது.

இருநூற்றைம்பது ஓம் வாங்கினால்
அதைத் தள்ள ஓர் ஆம்ப் வேண்டும்,
ஆம்ப் வைக்க மேசை வேண்டும்,
மேசை போட அறை வேண்டும்,
அறைக்கு –
எண்பது ஓம் போதும் என்றேன்.

தோல் உறையா வெல்வெட்டா?
ஆகஸ்டில் தோல் வழுக்கும்.
வெல்வெட் வியர்வையைக் குடிக்கும்,
ஆனால் கழற்றி சோப்புப் போட்டு அலசலாம்.
நானூற்று எண்பது திர்ஹாம்.
பல் டாக்டருக்கு வைத்திருந்தது.
கடைவாய்ப்பல் இன்னொரு மாதம் வலிக்கட்டும்.

இரவு பதினொன்றுக்கு
எபினேசரின் குரலைத் திறந்தேன்.
கஃபட்டீரியாவில் பரோட்டா போடுகிறவன்.
போன வெள்ளி மதியம் பதிந்தது.
ஏசியை நிறுத்த ஆறு பேரிடம் கெஞ்சி
நான்கு நிமிடம் வாங்கியிருந்தோம்.
கம்பளிக்குள் மைக்கும் அவனும்.
மூன்றாம் நிமிடத்தில் குப்புராஜ்
‘வெந்துட்டேன்டா’ என்றது
பழைய இயர்போனில் இருமல் மாதிரி இருந்தது.
இப்போது தெளிவாக இருக்கிறது.
எச்சில் விழுங்குவது, கம்பளி உரசுவது,
பல்லவி தொடங்குமுன் அவன் பயப்படுவது கூட.

ஒன்றுதான் பிடிபடவில்லை.
சுருதிப்பெட்டி இல்லாமல் பாடியவன்
என் கீபோர்டுக்கு ஒரு நூல் மேலே நிற்கிறான்.
முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை
அசையாமல் அதே ஒரு நூல்.
தப்பாகப் பாடுகிறவன்
இவ்வளவு ஒழுங்காகத் தப்பமாட்டானே.
நான் லிஃப்ட் மெக்கானிக்.
பேரிங் தேய்ந்ததை பத்து மாடி கீழேயிருந்து சொல்வேன்.
எனக்கே ஒரு மணி நேரம் ஆனது.

ஹெட்போனைக் கழற்றினேன். ஏசி.
மாட்டினேன். குரல்.
கழற்றினேன். ஏசி.
அதே ஸ்வரம்.
ஏழு வருடம் அதன் கீழ் தூங்கியவன்
அது நின்றபிறகும்
அதற்கே பாடியிருக்கிறான்.

குரலை இழுத்து வரிசையில் நிறுத்த
ஒரு பொத்தான் உண்டு.
அதைத் தொடவில்லை.
கீபோர்டை ஒரு நூல் ஏற்றினேன்.
வெளிச்சத்தம் ஒரு பொட்டுகூட உள்ளே வராது என்று
ஷம்நாத் அடித்துச் சொன்னான். உண்மைதான்.
ஏற்கனவே உள்ளே இருப்பதற்கு
அவன் கடையில் உத்தரவாதம் இல்லை.

எபினேசர் புரண்டு படுத்து,
‘முடிஞ்சுதா?’ என்றான்.
‘இல்ல. வெள்ளிக்கிழமை இன்னொரு நாலு நிமிஷம் வேணும்.’
‘திரும்ப ஏசிய நிறுத்தணுமா? கொன்னுருவானுங்க.’
‘வேண்டாம். இந்தத் தடவை
மைக்கை அதுக்கு முன்னால வைக்கணும்.’
அவனுக்குப் புரிந்ததா தெரியவில்லை, தூங்கிவிட்டான்.

கடைவாய்ப்பல் விட்டு விட்டுத் தெறித்தது.
சுருதி கிடைத்துவிட்டது.
இது என்ன தாளமென்றுதான்
இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.